மேனுவல் முதல் ரிமாண்ட் வரை: கையிலிருந்து வந்த லத்தீன் சொற்களைப் பிரித்துப் படிக்கும் முறை

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஆலையின் சுவர்களை வாசித்தாலே போதும்: மேனேஜர் அறை, மெயின்டனன்ஸ் பகுதி, மேனுவல் சுவிட்ச், மூட்டையின் மேல் மேனுஃபேக்சரிங் தேதி. நாலும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். லத்தீனில் ‘மனுஸ்’ என்றால் கை. இந்த வேரும் இதன் கூட்டாளிகளான ஏழெட்டு வேர்களும் பிடிபட்டுவிட்டால், நீட் உயிரியலின் தசைப் பெயர்கள், டாக்டர் சீட்டு, ஊட்டி தாவரவியல் பூங்காவின் பெயர்ப் பலகை, கோர்ட் செய்தி எல்லாவற்றிலும் மனப்பாட வேலை பாதியாகக் குறையும். ஆனால் வேர் தேடுகிறவர்களுக்கு ஒரு வியாதியும் வரும். ஒலி ஒத்துப்போவதெல்லாம் சொந்தம் என்று நம்பத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே பிரிக்கும் முறையோடு ஏமாறாமல் இருக்கும் முறையையும் சேர்த்தே இங்கே சொல்கிறோம்.

முதலில், எங்கே தேடுவது என்பது தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் ஹேண்ட், ஃபிங்கர், தம்ப் மூன்றும் லத்தீன் இல்லை. ஜெர்மானியக் குடும்பத்து வீட்டுச் சொற்கள். லத்தீன் கை, வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போன கை. சட்டம், மருத்துவம், ஆலை, ராணுவம், வங்கி ஆகிய இடங்களில்தான் அது அதிகம் அகப்படும். நம்மிடமும் இப்படி அடுக்கு உண்டு: சோறு பிசைவது கை, விழா அழைப்பிதழில் அதுவே பொற்கரம், ஜாதகத்தில் அஸ்தம்.

நோட்டில் எழுதும் முறை

ஒரு சாதாரண நோட்டு, சொற்பிறப்பு தருகிற ஓர் ஆங்கில அகராதி, இவை போதும். பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். இது முக்கியம். தமிழில் எழுதினால் மேனுவல், மனிகியூர், கமாண்ட் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு உயிரோசையோடு நிற்கும். உள்ளே ஒளிந்திருக்கும் எம்-ஏ-என் என்ற மூன்றெழுத்து கண்ணில் படாது. இரண்டாம் பத்தியில் சொல்லைப் பிரியுங்கள். மூன்றாவதில் நேர்ப்பொருளைத் தமிழில் எழுதுங்கள். நான்காவதில் இன்றைய பொருள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே இடைவெளி பெரிதாக இருக்கும் சொற்களை மட்டும் சிவப்பு மையில் குறியுங்கள். படிக்க வேண்டியவை அவைதான். மற்றவை தாமே நினைவில் நிற்கும்.

பிரிக்கும்போது தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: வேற்றுமை உருபு. ‘மனுஸ்’ என்பது கை. ‘மனு’ என்று முடிந்தால் கையால். லத்தீன் இலக்கணத்தில் அந்த வேற்றுமைக்குப் பெயரும் எல்லையும் வேறு, ஆனால் இந்த இடத்தில் அது செய்வது நம் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ உருபின் வேலை. இதை வைத்துக்கொண்டு பாருங்கள். மேனுஸ்கிரிப்ட்: மனு, ஸ்கிரிப்டும், கையால் எழுதப்பட்டது. மேனுஃபேக்சர்: மனு, ஃபாக்கெரே, கையால் செய்தல். மெயின்டெயின்: மனு, தெனேரே, கையில் பிடித்திருத்தல். இது பிரெஞ்சு வழியாக வந்ததால் ‘மன்’ என்பது ‘மெயின்’ ஆகிவிட்டது. இயந்திரப் பராமரிப்புக்கும் குடும்ப வழக்கில் கேட்கும் ஜீவனாம்சத்துக்கும் ஆங்கிலத்தில் மெயின்டனன்ஸ் என்ற ஒரே சொல் ஏன் என்பதும் இங்கேயே விளங்கும்: இரண்டிலும் பொருள் கைவிடாமல் தாங்குவது.

மனிகியூரில் ‘கூரா’ என்றால் கவனிப்பு, அவ்வளவுதான். நெஞ்செலும்பின் மேல்துண்டான மெனூப்ரியம், மனுஸிலிருந்து வந்த ‘கைப்பிடி’. நெஞ்செலும்பை ஒரு வாளாகப் பார்த்து வைத்த பெயர்.

பொருள் இடம் மாறிய சொற்கள்

சிவப்பு மைக்கு உரியவை இவை. மேனுஃபேக்சர் அதில் முதல். கையால் செய்வது என்று பிறந்த சொல், இன்று கைபடாமல் செய்வதற்குத்தான் பெரும்பாலும் ஆகிறது. நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிற ஆலையில் வாட்டுவது, சி.டி.சி. ரோலரில் நசுக்குவது, உலர்த்துவது எல்லாமே இயந்திரம்.

மென்யூர் என்ற உரச் சொல்லின் பயணம் இதைவிட நீளம். ‘மனு ஒபெராரி’, கையால் உழைத்தல் என்ற தொடர் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அதற்கு நிலத்தை ஆள்வது, பண்படுத்துவது என்றே பொருள். நிலத்தைப் பண்படுத்துவதில் எரு போடுவது பெரிய வேலை. நாளடைவில் வேலையின் பெயர் எருவுக்கே ஒட்டிக்கொண்டது. கேரட் பாத்திக்குத் தொழு உரம் கொட்டும்போது சாக்கில் அச்சாகியிருக்கும் சொல்லின் அடியில் இருப்பது உழைக்கிற கைதான், சாணம் இல்லை. இதே தொடர் இன்னொரு முறை, பிற்காலப் பிரெஞ்சிலிருந்து, ராணுவ நகர்வைக் குறிக்கும் மெனூவராக வந்தது. உச்சரிப்பு நெருக்கம், எழுத்து வேறு, பொருள் எங்கோ. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் அதிகம். ராணுவச் சொல்லில் உயிரெழுத்துகள் கூடுதல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேனேஜ் இத்தாலியிலிருந்து வந்தது. ‘மனேஜ்ஜாரே’ என்றால் கையாளுதல்; ஆங்கிலத்தில் நுழைந்தபோது குதிரையைப் பழக்கி அடக்குவதற்கே அந்தச் சொல் இருந்தது. ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி நடக்கிறவர்தான் மூலப்பொருளில் மேனேஜர்.

மேனிபுலேட்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘மனிபுலுஸ்’ என்றால் ஒரு கைப்பிடி, கை கொள்ளும் அளவு. அறுவடையில் ஒரு பிடியாகச் சேரும் கதிர்த் தாளை நாம் அரி என்கிறோமே, அதுதான். ரோமப் படையின் ஒரு பிரிவுக்கும் மனிபுலுஸ் என்றே பெயர். ஆதியில் ஒரு பிடி வைக்கோலைக் கழியில் கட்டிக் கொடியாக ஏந்தினார்கள் என்று ரோமர்களே காரணம் சொன்னார்கள். பழைய ஐரோப்பிய மருந்துச் சீட்டுகளில் மூலிகைக்கு மனிபுலுஸ் ஓர் அளவு. நாட்டு வைத்தியர் ஒரு பிடி, ஒரு சிட்டிகை என்பதுபோல அங்கே கைப்பிடிக்கு மனிபுலுஸ், விரல்நுனிப் பிடிக்குப் புகில்லுஸ். பின்னால் கையால் திறமையாகக் கையாளுவது என்றாகி, கடைசியில் ஆளை ஆட்டிவைப்பது வரை வந்தது. எலும்பு மருத்துவர் சீட்டில் ‘மேனிபுலேஷன்’ என்று இருந்தால் பதற வேண்டாம். கையால் எலும்பையோ மூட்டையோ அதன் இடத்துக்குக் கொண்டுவருவது என்றுதான் பொருள்.

மேனர், அதாவது நடந்துகொள்ளும் விதம், ‘கையைச் சேர்ந்தது’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. சமையலில் கைப்பக்குவம், கைவாகு என்று சொல்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

மேனிஃபெஸ்ட் என்றால் இன்று வெளிப்படையானது. ரோமச் சட்டத்தில் ‘ஃபுர் மனிஃபெஸ்துஸ்’ என்றால் கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன். அவன் திருடிய மதிப்பில் நான்கு மடங்கு கட்ட வேண்டும். பிறகு விசாரணையில் அகப்பட்டவன் இரண்டு மடங்கு கட்டினால் போதும். இந்தச் சொல்லை மனதில் நிறுத்த, ‘கையும் களவுமாக’ என்ற நம் தொடரை மூன்றாம் பத்தியில் அப்படியே எழுதிவிடுங்கள்.

கோர்ட், வங்கிச் சொற்கள்

இங்கே அடிச்சொல் ‘மந்தாரே’. மனுஸும், கொடு என்ற பொருளுள்ள ‘தாரே’யும் சேர்ந்தது என்பதே வழக்கமான விளக்கம்: கையில் கொடு, ஒப்படை, கட்டளையிடு. இதிலிருந்து கமாண்ட், டிமாண்ட், ரெக்கமண்ட். ரிமாண்ட் என்றால் திருப்பி ஒப்படைப்பது. கைதானவரை நீதிபதி மறுபடி காவலுக்கே அனுப்புவது. ஈ.எம்.ஐ. பிடிக்க வங்கியில் கையெழுத்துப் போடுகிற மேன்டேட், என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள் என்று நீங்கள் ஒப்படைக்கும் அதிகாரம். அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் பிறப்பிக்கும் ‘மேன்டமஸ்’ பெயர்ச்சொல் போலத் தெரியும். உண்மையில் அது முழு வாக்கியம். ‘மந்தாமுஸ்’ என்றால் ‘நாம் கட்டளையிடுகிறோம்’. ஈற்றில் உள்ள ‘முஸ்’ நம் தன்மைப் பன்மை விகுதி ‘ஓம்’ போன்றது. அதனால் அதை ‘மேன்டமி’ என்று பன்மையாக்குவது தவறு.

எமான்சிபேட் என்றால் விடுதலை செய்தல். எக்ஸ், மனுஸ், கப்பெரே: பிடித்த கையிலிருந்து வெளியே. ரோமில் முக்கியமான சொத்து கைமாறும்போது, வாங்குகிறவர் சாட்சிகள் முன்னால் அதைக் கையால் பிடித்து உரிமை சொல்வது சடங்கு. மகனும் தந்தையின் ‘கையில்’ இருந்தவன்தான். தந்தை அவனை மூன்று முறை விற்றுவிட்டால் மகன் விடுதலை என்பது ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டம். அதையே வழியாக்கி மூன்று போலி விற்பனை நடத்தி மகனை விடுவித்தார்கள். அடிமையை விடுவிப்பதற்குச் சொல் வேறு, மேனுமிஷன்: கையிலிருந்து அனுப்புதல். இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள்.

அமானுயென்சிஸ் என்று ஒரு முரட்டுச் சொல் சில தேர்வு அறிவிக்கைகளில் வரும். பார்வைக் குறைபாடு உள்ளவர் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறவர். ரோமில் அது எழுத்து வேலை பார்த்த அடிமை; ‘கைப்பணிக்கு இருப்பவன்’.

மனுஸ் இல்லாத ‘மன்’கள்

பாதிக்கு மேற்பட்ட பிழைகள் இங்கேதான். மேன்ஷன், ரிமெயின், பெர்மனன்ட் மூன்றும் ‘மனேரே’, தங்கியிரு என்ற வேறொரு வினையிலிருந்து வந்தவை. மெயின்டெயினில் இருப்பது கை, ரிமெயினில் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாடை எலும்பான மேன்டிபிள், மெல் என்ற பொருளுள்ள ‘மந்தெரே’யின் பிள்ளை. மேனியா கிரேக்கம். ஹியூமன், மனிதன் என்ற பொருளுள்ள ‘ஹோமோ’வோடு சேர்ந்தது.

மேங்கோவில் லத்தீனே இல்லை. மலையாளக் கரையில் போர்த்துகீசியர் கேட்டுக்கொண்டு போன நம் மாங்காய்தான். மாண்டரின் ஆரஞ்சு இன்னும் வேடிக்கை: மந்திரி என்ற சொல் மலாய் வழியாகப் போர்த்துகீசியர் வாயில் விழுந்து மாண்டரின் ஆனது. கட்டளையிடு என்ற போர்த்துகீசிய ‘மந்தார்’ அதன் வடிவத்தை வளைத்திருக்கலாம், ஆனால் வேர் மந்திரி.

நம்மவர்களுக்கே உரிய ஒரு வலை உண்டு: மனுஸும் மனுசனும். ஒலி அச்சாக ஒன்று, உறவு கிடையாது. மனுஷன், மனு என்ற வடமொழிப் பெயர் வழி வந்தது. லத்தீன் மனுஸ் கை. இந்த ஒலி ஒற்றுமையை வைத்து வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘ஆராய்ச்சி’களை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். சோதிக்கும் வழி எளிது. அகராதியில் சொல்லின் பிறப்பைச் சொல்லும் சதுர அடைப்பைப் பாருங்கள். லத்தீனுக்கு எல், பழைய பிரெஞ்சுக்கு ஓ.எஃப்., பழைய ஆங்கிலத்துக்கு ஓ.இ. என்று சுருக்கம் இருக்கும். லத்தீன் சுருக்கத்துக்குப் பக்கத்தில் மனுஸ் என்றே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

விரலும் அளவும்

விரல் ‘திகிதுஸ்’. விரல்விட்டு எண்ணியதால் எண்ணிலக்கம் டிஜிட் ஆனது. இலக்கத்தில் இயங்குவதெல்லாம் டிஜிட்டல். மருத்துவ அறிக்கையில் டிஜிட் என்றால் எண் அல்ல, விரல்; கால்விரலும் அதில் சேரும். அங்கே கட்டைவிரல்தான் முதல் டிஜிட், சுண்டுவிரல் ஐந்தாவது. பேச்சில் பலர் ஆட்காட்டி விரலை முதல் விரல் என்பார்கள். விரலில் தையல் போட்ட பிறகு இந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதால், சீட்டில் எண் மட்டும் இருந்தால் விரலின் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்பது நல்லது.

ரோமரின் நீள அளவும் விரலில்தான் தொடங்கியது. நான்கு திகிதுஸ் ஒரு ‘பல்முஸ்’, அதாவது உள்ளங்கை அகலம். பதினாறு திகிதுஸ் ஓர் அடி. அந்த அடி சுமார் 29.6 செ.மீ., ஆகவே ஒரு திகிதுஸ் சுமார் 1.85 செ.மீ. இருபத்துநான்கு திகிதுஸ் ஒரு ‘குபிதுஸ்’, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. நம் கணக்கு: பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். அதாவது முழத்துக்கும் இருபத்துநான்கு விரல். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மனிதக் கையின் விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்று. நான்கு விரலை ஒட்டி வைத்து ஆறு முறை அடுக்கினால் பெரும்பாலோருக்கு முழம் வந்துவிடும். செய்து பாருங்கள். மேட்டுப்பாத்தியில் 15 செ.மீ. இடைவெளி விட்டுப் பூண்டு ஊன்ற வேண்டும் என்றால் அளவுகோல் தேடாமல் எட்டு விரற்கடை, அதாவது இரண்டு கைப்பட்டை வைத்து ஊன்றலாம். கை சிறியவர்களுக்கு ஒன்றரை செ.மீ. வரை குறையும், ஒருமுறை ஸ்கேலில் வைத்துத் தன் அளவைத் தெரிந்துகொண்டால் போதும்.

தசைப் பெயரைத் தமிழ் வரிசைக்குத் திருப்புதல்

விரல்களின் லத்தீன் பெயர் முதலில்: பொல்லெக்ஸ் கட்டைவிரல், இண்டெக்ஸ் சுட்டுவிரல், மெதியுஸ் நடுவிரல், அனுலாரிஸ் மோதிர விரல், மினிமுஸ் சுண்டுவிரல். இண்டெக்ஸ் என்றால் சுட்டுவது; புத்தகத்தின் கடைசியில் பக்கம் சுட்டும் இண்டெக்ஸும் அதே விரல். அனுலுஸ் என்றால் மோதிரம், வளையம்.

இனி வேற்றுமை. ‘எக்ஸ்’ என்று முடியும் இந்தப் பெயர்கள் ‘உடைய’ என்ற பொருளுக்கு வரும்போது ‘இசிஸ்’ என்று மாறும்: பாலிசிஸ் கட்டைவிரலின், இண்டிசிஸ் சுட்டுவிரலின். மினிமுஸ், டிஜிடுஸ் போன்றவை ‘இ’யில் முடியும்: டிஜிடி மினிமி, சுண்டுவிரலின். இந்த ஆறாம் வேற்றுமை தெரிந்தால் பெயரை நடுவிலிருந்து படிக்கலாம். ஃபிளெக்சர் பாலிசிஸ் லாங்கஸ்: கட்டைவிரலின் நீண்ட மடக்கி. எக்ஸ்டென்சர் இண்டிசிஸ்: சுட்டுவிரலின் நீட்டி. அப்டக்டர் டிஜிடி மினிமி: சுண்டுவிரலின் விலக்கி. யாருடையது, எப்படிப்பட்டது, என்ன செய்வது என்ற வரிசை. தமிழ் தானாக அமைந்துவிடும்.

மதிப்பெண் போவது அப்டக்டர், அட்டக்டர் இரண்டில்தான். ‘அப்’ விலகி, ‘அட்’ நோக்கி. மற்ற விரல்களுக்கு நடுவிரலே நடுக்கோடு. அதைவிட்டு விலகினால் அப்டக்ஷன். கட்டைவிரலுக்கு மட்டும் விதி வேறு. மேசையில் புறங்கையை வைத்து, உள்ளங்கை கூரையைப் பார்க்க, கட்டைவிரலை நேராகக் கூரை நோக்கித் தூக்குங்கள்: அது அப்டக்ஷன். பக்கவாட்டில் விரிப்பதை அப்டக்ஷன் என்று எழுதினால் தவறு, அது எக்ஸ்டென்ஷன்.

பல்மாரிஸ் லாங்கஸ் தசையை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டிவைத்து மணிக்கட்டைச் சற்று உள்ளே மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே ஒரு நாண் புடைத்தால் அதுதான். சிலருக்கு இது பிறவியிலேயே இருக்காது, சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். குறை ஒன்றும் இல்லை.

மணிக்கட்டு எலும்புகள் எட்டு, உள்ளங்கை எலும்புகள் ஐந்து, விரல் எலும்புகள் பதினான்கு. ஒரு கைக்கு இருபத்தேழு. மணிக்கட்டு எட்டில் லத்தீன் பெயர்கள் ஐந்து: லூனேட், ‘லூனா’ நிலவு, பிறை வடிவம், டிரைகுவெட்ரம், முக்கோணம், பிசிஃபார்ம், ‘பிசும்’ பட்டாணி, கேப்பிடேட், ‘கபுத்’ தலை, ஹேமேட், ‘ஹாமுஸ்’ கொக்கி. மற்ற மூன்றும் கிரேக்கம்: ஸ்கேஃபாய்ட் படகு, டிரப்பீசியமும் டிரப்பீசாய்டும் மேசை. ஊட்டிச் சந்தைப் பட்டாணிக்கும் அந்த எலும்புக்கும் ஒரே பெயர். செடியின் அறிவியல் பெயர் பைசம் சட்டைவம். எலும்பைத் தொட, உள்ளங்கையை மேலே வைத்து, மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கக் கோடியை அழுத்துங்கள். உருண்டையாக ஒன்று தட்டுப்படும். மணிக்கட்டை லேசாக உள்ளே வளைத்துத் தளர விட்டால் பட்டாணி போலவே இப்படியும் அப்படியும் நகரும்.

ஸ்கேஃபாய்டைப் பற்றி மலையில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் தேயிலைச் சரிவில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தால், மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் அதிகம் முறிவது இதுதான். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் தெரியும். மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய இடம் என்பதால் ஆங்கிலத்தில் அதற்குப் பொடிக்குழி என்றே பெயர். அங்கே அழுத்தி வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி காட்ட வேண்டும். ஆரம்பத்தில் விரிசல் படத்தில் தெரியாமல் போவது இந்த எலும்பில் சகஜம். ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கவனிக்காமல் விட்டால் சேராமலும் போகும்.

‘கார்ப்’ என்ற துண்டில் மூன்று வேர்கள் மோதுகின்றன. மணிக்கட்டு என்ற கிரேக்கச் சொல் லத்தீனில் ‘கார்புஸ்’ ஆனது. கார்ப்பல், மெட்டாகார்ப்பல் அதன் வழி. பழம் என்ற பொருளில் அதே ஒலியுள்ள வேறொரு கிரேக்கச் சொல் உண்டு. சூலக இலையான கார்ப்பெல், பெரிகார்ப், பர்லியாறு பக்கம் காய்க்கும் பலாவின் ஆர்ட்டோகார்ப்பஸ், ருத்திராட்ச இனத்தின் எலியோகார்ப்பஸ் எல்லாம் அதைச் சேர்ந்தவை. மூன்றாவது லத்தீன் வினை ‘கார்பெரே’, பறி. கொழுந்து கிள்ளுவதற்குப் பொருத்தமான வினை அதுதான். ‘கார்ப்பே தியெம்’ என்ற புகழ்பெற்ற தொடரும் ‘நாளைப் பறித்துக்கொள்’ என்றே சொல்கிறது. எலும்பு என்றால் ஏ-எல், பூ என்றால் இ-எல்: கார்ப்பலுக்கும் கார்ப்பெலுக்கும் எழுத்து வித்தியாசம் அவ்வளவே.

கார்ப்பல் டனல் என்று சீட்டில் இருந்தால், மணிக்கட்டின் குறுகிய வழியில் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு; அது மட்டுமே மரத்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

செடிப் பலகைகளில்

1848இல் தொடங்கிய ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவிலோ வீட்டுத் தோட்டத்திலோ இரண்டு சொற்கள் தெரிந்தால் இலையை வைத்தே பெயரைச் சரிபார்க்கலாம். பால்மேட்: ‘பல்மா’, உள்ளங்கை, இலை ஒரே பரப்பாக இருந்து ஓரம் விரல்களாகப் பிரியும். மேரக்காய்க் கொடியின் இலையும் ஆமணக்கு இலையும் இந்த வகை. ஆமணக்குக்கு ஐரோப்பாவில் ‘பல்மா கிறிஸ்தி’, கிறிஸ்துவின் உள்ளங்கை என்றே பழைய பெயர் உண்டு. டிஜிடேட்: சிற்றிலைகள் முழுதும் பிரிந்து காம்பு நுனியில் ஒரே புள்ளியில் சேரும். லூபின் பூச்செடியிலும் அடிவாரத்து நொச்சியிலும் இலவ மரத்திலும் பாருங்கள். பனை, ஈச்சை இனம் முழுவதற்கும் ஆங்கிலத்தில் பாம் என்று பெயர் வந்ததும் பல்மாவால்தான். அருகம்புல்லின் சைனோடான் டாக்டைலானில் விரல் இருக்கிறது, ஆனால் அது கிரேக்க விரல், ‘தாக்துலோஸ்’.

குளிர்ப் பிரதேசப் பூச்செடியான டிஜிட்டாலிஸுக்கு 1542இல் பெயர் வைத்தவர் ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ். ஜெர்மன் மொழியில் அந்தப் பூவுக்குத் தையற்காரரின் அங்குஸ்தான் என்று பெயர். அதை அவர் லத்தீனில் விரலாக்கினார். பூவுக்குள் சுட்டுவிரல் சரியாக நுழையும். தொட்டால் கையைக் கழுவுங்கள், இலையை வாயில் வைக்கவே கூடாது. இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் டிகாக்சின் இந்த இனத்திலிருந்து எடுப்பது, மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மலைவீடுகளின் வாசலில் தொங்கும் தொட்டிகளில் பூக்கிற ஃபுக்சியாவுக்கு இதே ஃபுக்ஸின் பெயர்தான்.

வலமும் இடமும்

‘தெக்ஸ்டெர்’ வலது, ‘சினிஸ்டெர்’ இடது. சோத்தாங்கை, பீச்சாங்கை என்று பிரித்த ஊர்க்காரர்களுக்கு டெக்ஸ்டரிட்டி திறமையானதும் சினிஸ்டர் கெட்டதானதும் ஆச்சரியம் தராது. ஆனால் ரோமரின் சகுனத்தில் முதலில் இடதுதான் நல்லது. கிரேக்கர் வழக்கம் கலந்த பிறகே தலைகீழானது. ஆகவே பழைய நூல்களில் சினிஸ்டர் வந்தால் சூழலைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள். மருத்துவமனையில் ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலிலும் வலது உண்டு: அந்தச் சர்க்கரைக் கரைசல் தளமுனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, வலப்பக்கம் திருப்பும்.

கண்ணாடிக் கடைச் சீட்டில் ஓ.டி. என்றால் ‘ஒகுலுஸ் தெக்ஸ்டெர்’, வலது கண், ஓ.எஸ். இடது கண், ஓ.யு. இரண்டும். சில சீட்டுகளில் ஆர்.இ., எல்.இ. என்று ஆங்கிலச் சுருக்கம் இருக்கும். பழைய சீட்டையும் புதிய சீட்டையும் ஒப்பிடும்போது முதலில் எந்த வரிசை எந்தக் கண் என்று பாருங்கள், பிறகு கூட்டல் கழித்தல் குறி, அதன் பிறகு எண்.